எதை முதலில் திறப்பது?

ஒரு மாநிலத்தை அடைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144-ஆவது பிரிவின்படி தடையுத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் தேசம் முழுவதும் முடங்கிற்று. அடைத்ததைத் திறப்பதற்கோ ஏறத்தாழ இரண்டு வருஷங்கள் வேண்டியிருந்தன. தனிக்கடைகள் 2020 மே மாதத்திலும், பெரிய கோயில்கள் செப்டம்பரிலும், சினிமாக் கொட்டகைகள் நவம்பரிலும், குற்றாலத்து அருவிகள் டிசம்பரிலும், பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2021 ஜனவரியிலும் திறக்கப்பட்டு, அவற்றுட் பல மறுபடியும் அடைபட்டு, மறுபடியும் திறந்து, கடைசியில் மழலையர் பள்ளிகளின் கதவு திறந்தபோது 2022 பிப்ரவரி பாதி கழிந்திருந்தது. கொரோனா நோய் பரவத் தொடங்கியபோது எதை மூடுவது என்பதில் அதிக விவாதம் எழவில்லை, எல்லாவற்றையும் மூடினோம். எதை, எப்போது, எந்த நிபந்தனையோடு, எதற்கு முன்னால் திறப்பது என்ற கேள்வியில்தான் வைத்தியர்களும் அரசாங்கத்தாரும் பெற்றோரும் வியாபாரிகளும் வேறுபட்டு நின்றார்கள். அந்தக் கேள்விக்கு நாம் காரியத்தில் கொடுத்த விடை சரிதானா என்று, அச்சம் நீங்கிவிட்ட இக்காலத்தில் நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன்.

இத்தகைய விஷயத்தைத் தலைநகரத்தின் உயரத்திலிருந்து பார்ப்பதைக்காட்டிலும் ஒரு சிற்றூரின் தெருவிலிருந்து பார்ப்பது நல்லது. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் பாவூர்சத்திரம் அதற்கு மிகவும் பொருத்தமான ஊர். பெருந்தலைவர் காமராஜர் பெயர் தாங்கிய தினசரிச் சந்தைக்குச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து கத்தரியும் வெண்டையும் தக்காளியும் மிளகாயும் முருங்கையும் சின்ன வெங்காயமும் வந்து இறங்குகின்றன; கமிஷன் கடைகளில் ஏலம் போன சரக்கு, செங்கோட்டை, புளியரை வழியாக மலையைக் கடந்து கேரளத்து ஊர்களுக்குச் செல்கிறது. ஊரில் மரம் அறுக்கும் மில்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள கிராமங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றி, சுற்றியதைக் கட்டுக்கட்டாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, இலையும் தூளும் வாங்கி வருகிறார்கள். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அரசுப் பேருந்துகளின் படிவரையில் நிறைந்து வருகிறார்கள். ஆகவே கூட்டம் கூடாமல் பிழைப்பு நடக்காத சந்தை, எல்லை கடக்க வேண்டிய வண்டி, வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழில், பேருந்தை நம்பிய பள்ளி என்று, தொற்றுக்காலத்து விதிகளுக்குச் சோதனையாக அமையக்கூடிய அத்தனையும் ஒரே ஊரில் அடங்கியிருக்கின்றன.

தென்காசி தனி மாவட்டமாக உதயமானது 2019 நவம்பர் 22-ஆம் தேதி. நிர்வாகம் ஊன்றிக்கொள்வதற்கு நான்கு மாதமே கிடைத்த நிலையில் நோய் வந்துவிட்டது. ஆரம்பத்தில் சளி மாதிரிகளைத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பித்தான் முடிவு அறிய வேண்டியிருந்தது. ஏப்ரல் மாதத்தில் புளியங்குடியில் ஒருவரைத் தொடர்ந்து ஒருவராகப் பலருக்குத் தொற்று ஏற்பட, அந்நகரத்தின் தெருக்கள் தட்டி வைத்து அடைக்கப்பட்டன. அம்மாத இறுதியில் மத்திய அரசு நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என மூன்றாகப் பிரித்தபோது தென்காசி ஆரஞ்சு வரிசையில் வந்தது.

இந்த நிறங்களுக்குப் பின்னால் சில எண்கள் இருந்தன. அவற்றின் காரணத்தைப் பொதுஜனங்களுக்கு யாரும் பொறுமையாக எடுத்துச் சொல்லவில்லை என்பதே என் முதல் குறை. கிருமி உடலிற் புகுந்த நாளிலிருந்து காய்ச்சலும் இருமலும் தோன்றும் நாள்வரை சராசரியாக ஐந்தாறு நாட்களும், அதிகபட்சமாகப் பதினான்கு நாட்களும் செல்லலாம் என்பது அந்த முதல் வருஷத்து அனுபவம். தனிமைப்படுத்தலுக்குப் பதினான்கு நாள் என்றது அதனால்தான். ஒரு தெருவில் கடைசி நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபின் இருபத்தெட்டு நாள் புதிய தொற்று இல்லாதிருந்தால்தான் தட்டி எடுக்கப்படும் என்று விதித்ததும், அந்தப் பதினான்கு நாள் இரண்டு முறை கழிய வேண்டும் என்ற கணக்கினால்தான். பரிசோதனை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் தொற்று காணப்படாத நிலை தொடர்ந்து இரண்டு வாரம் நீடித்த பின்னரே கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் ஆலோசனை கூறியது. நூற்றுக்கு இருபது பேருக்கு நோய் இருக்கிறதென்றால், நாம் தேடிப் பிடிக்காத நோயாளிகள் வெளியே பலர் திரிகிறார்கள் என்று பொருள். நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், வலை ஓரளவு அகலமாகவே வீசப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இவற்றிலிருந்து திறப்பதற்குரிய முதல் நியதி தானாகவே பிறக்கிறது. இன்று ஒரு கதவைத் திறந்தால் அதன் பலன் இரண்டு வாரம் கழித்துத்தான் கணக்கிலே தெரியும். ஆகையால் ஒன்றைத் திறந்துவிட்டு, இரண்டு வாரம் காத்திருந்து, தொற்றின் விகிதத்தையும் ஆஸ்பத்திரிப் படுக்கைகளின் நிலையையும் பார்த்து, அதன்பின் அடுத்ததைத் திறக்க வேண்டும். பெருமழைக்குப் பின் நிறைந்து நிற்கும் குளத்தின் மடையை ஒரேயடியாகத் தூக்கிவிடாமல், ஒரு சாண் தூக்கி வாய்க்காலின் கரை தாங்குகிறதா என்று பார்த்து மறு சாண் தூக்கும் நீர்ப்பாய்ச்சியின் விவேகம் இதற்கு வேண்டும். இரண்டு மூன்று கதவுகளை ஒரே நாளில் திறந்துவிட்டால், நோய் மறுபடி ஏறும்போது எந்தக் கதவின் வழியாக ஏறியது என்பதை யாராலும் அறிய முடியாது. அறிய முடியாத நிலையில் எல்லாவற்றையும் மறுபடி மூடுவதைத் தவிர வேறு வழியும் இராது.

சந்தையைப் பற்றி நமக்குக் கிடைத்த பாடம் சென்னைக் கோயம்பேட்டிலிருந்து வந்தது. ஊரடங்கிலும் காய்கறி வேண்டுமே என்று திறந்து வைக்கப்பட்டிருந்த அந்தப் பெருஞ்சந்தையில் 2020 ஏப்ரல் இறுதியில் தொற்று வெளிப்பட்டு, மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டபோது, சுமை தூக்குவோரும் வண்டியோட்டிகளும் சில்லறை வியாபாரிகளும் அதற்குள் அரியலூர், கடலூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலுள்ள சொந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொற்றுகள் அந்த ஒரு சந்தையோடு தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்டன. பிறகு திருமழிசையில் திறந்த வெளியில் தற்காலிகச் சந்தை அமைத்தார்கள். வேறு பல ஊர்களிலும் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் சந்தைகள் மாற்றப்பட்டன. இது தொற்றுக்காலத்தில் செய்யப்பட்ட மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். சந்தையை மூடினால் விளைவித்தவனுக்கும் நஷ்டம், உண்பவனுக்கும் கஷ்டம். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து அதை வெளியே எடுத்து வைத்தால் இருவருக்கும் வழி பிறந்துவிடுகிறது.

இதற்கு நேர் விரோதமான ஒரு விதியும் அக்காலத்தில் இருந்தது. கடை திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் அது. 2021 மே மாதத்தில் மளிகையும் காய்கறியும் முதலில் பகல் 12 மணிவரையென்றும், சில நாட்களிலேயே காலை 10 மணிவரையென்றும் சுருக்கப்பட்டன. வாங்க வேண்டிய ஜனங்களின் எண்ணிக்கை குறையவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொழுது மட்டும் குறைந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் வந்து போக வேண்டியவர்கள் நான்கு மணி நேரத்தில் வந்தால் நெருக்கம் மும்மடங்காகும் என்பதற்குச் சாஸ்திரப் பயிற்சி எதுவும் தேவையில்லை. நேரத்தை நீட்டி, வழிகளை அகலப்படுத்தி, கிராமவாரியாக நாள் குறித்து வண்டிகளை வரச்சொல்வதே பாவூர்சத்திரம் போன்ற மொத்தச் சந்தைக்கு ஏற்ற முறை. பீடிக் கடைக்கும் அதுவே பொருந்தும்: ஒரே காலையில் நூறு பெண்கள் ஒரு சிறு அறையின் வாசலில் நிற்பதைவிட, தெருவாரியாக நேரம் பிரித்துக் கொடுப்பதில் எந்த முதலாளிக்கும் ஒரு காசும் நஷ்டமில்லை.

இங்கே காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் நல்ல விதியையும் வீண் விதியையும் பிரித்தறிவதற்கு அதுவே திறவுகோல். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகள் ஆறடிக்குள் தரையில் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையின்மேல்தான் ஆறடி இடைவெளி என்ற விதி கட்டப்பட்டது. ஆனால் பேசும்போதும் பாடும்போதும் மூச்சு விடும்போதுங்கூட, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிப்பட்டு, அடைபட்ட அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில், ஜன்னலில்லாத தளத்தில், குளிர்சாதனம் ஒரே காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்த பகுதியில் அடுத்தடுத்த மேஜைகளில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்கு நோய் தொற்றியது. மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாடற்குழு ஒன்றின் ஒத்திகைக்கு வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள். இவ்விரு நிகழ்ச்சிகளும் அவ்வளவு சீக்கிரத்தில் பதிவாகியிருந்தும், காற்றின் வழியே நெருங்கிய இடங்களில் பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் இறுதியில்தான்; நம் நாட்டில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் கே. விஜயராகவனின் அலுவலகம், நுண்துளிகள் பத்து மீட்டர்வரை செல்லக்கூடும், ஆதலால் ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வையுங்கள் என்று அறிவுறுத்தியது அதே ஆண்டு மே மாதத்தில். அதற்குள் இரண்டாவது அலை வந்து வீடுகளை நிறைத்துவிட்டது.

இந்த உண்மையை உரைகல்லாக வைத்துப் பார்த்தால், 2020 ஜூன் மாதத்தில் பெரிய கடைகளும் உணவகங்களும் திறக்கப்பட்டபோது குளிர்சாதனத்தை இயக்கக் கூடாது என்று தமிழக அரசு விதித்தது மிகவும் சரியான விதி என்பது புலனாகும். இருக்கைகளில் பாதிப் பேரை மட்டும் உட்கார விட்டதும், பேருந்தில் அறுபது சதவிகிதம் மட்டும் ஏற்றியதும் சரியே. பேருந்தின் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லியிருக்கலாம். வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானியோ, காய்ச்சல் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே பிறருக்குத் தொற்றவைக்கும் ஒரு நோயில், பாதிப் பேரையும் பிடிக்க இயலாத காவலாக இருந்தது. திருப்பூர் உழவர் சந்தையில் 2020 ஏப்ரல் முதல் தேதியன்று கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை அமைக்கப்பட்டு, அதைப் பார்த்து நாடெங்கும் பல ஊர்களில் அமைக்கப்பட, அம்மாதம் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்மேல் இரசாயனத்தைத் தெளிப்பது பயனற்றது, தீங்கு தருவது என்று தடுத்தது. இவற்றைச் செய்தவர்களின் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு வீண் விதியும் ஜனங்களின் பொறுமையிலிருந்து ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறது. சாலையில் பிளீச்சிங் பவுடரைத் தூவியதற்குச் செலவான உழைப்பு, வகுப்பறைகளில் துருவேறித் திறக்க முடியாமற் கிடந்த ஜன்னல்களைச் சரிசெய்வதற்குச் செலவாகியிருந்தால் எவ்வளவோ நன்மை விளைந்திருக்கும்.

அபராதம் வேறு இருந்தது. 1939-ஆம் ஆண்டிலேயே, பிரிட்டிஷ் இந்தியாவின் மற்ற மாகாணங்களுக்கு முன்னோடியாக, சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சந்தைகளையும் திருவிழாக்களையும் பற்றி அதில் தனி அத்தியாயமே உண்டு. காலராக் காலத்தில் திருவிழாக் கூட்டத்தைச் சமாளிப்பது அன்றைய அதிகாரிகளின் பெரும் கவலை. அந்தச் சட்டத்தைத்தான் 2020 செப்டம்பரில் திருத்தி, முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் துப்புபவருக்கு 500 ரூபாய், விதி மீறும் வியாபார ஸ்தலங்களுக்கு 5,000 ரூபாய் என்று அபராதம் விதித்தார்கள். சட்டம் வேண்டியதே. ஆனால் கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு 200 ரூபாய் என்பது அரைநாள் வருமானம். அதை வாங்குவதற்கு முன் ஒரு முகக்கவசத்தைக் கையில் கொடுத்து, மூக்கையும் சேர்த்து மூடும் விதத்தைச் சொல்லிக் கொடுத்த சுகாதார ஆய்வாளர்கள்தாம் அந்தச் சட்டத்தின் கருத்தை உண்மையில் நிறைவேற்றியவர்கள்.

தென்காசிக்குப் பக்கத்திலுள்ள குற்றாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திறந்தவெளியில் விழும் அருவி, வீசும் காற்று என்று பார்த்தால் அபாயம் குறைந்த இடமாகத் தோன்றும். ஆனால் சாரல் காலத்தில் பேரருவியின் கீழே தோளோடு தோள் உரச நிற்கும் ஆயிரம் பேரும், அவர்கள் வந்த வேன்களும், தங்கிய விடுதி அறைகளும் அபாயம் குறைந்தவையல்ல. 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களிலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான பருவம் முழுவதும் குளிக்க அனுமதியில்லை. இரண்டு முறையும் டிசம்பரில்தான் திறந்தார்கள். மூன்று மாத வருமானத்தில் ஒரு வருஷம் வாழும் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடைக்காரரும், எண்ணெய்த் தேய்ப்பவரும், ஆட்டோக்காரரும், மங்குஸ்தான் பழம் விற்கும் பெண்மணியும் இரண்டு பருவங்களை முற்றிலும் இழந்தார்கள். மூடியது நியாயமே. ஆனால் பருவத்தொழிலை மூடும்போது அதற்கென்று பருவ நிவாரணம் ஒன்று சேர்ந்தே வர வேண்டும் என்பதையும் விதியின் ஓர் அங்கமாகவே எழுதியிருக்க வேண்டும்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் பாரமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

தமிழகத்துப் பள்ளிகள் 2020 மார்ச் 17-ஆம் தேதி முதல் மூடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் தேதி திறப்பதாக அறிவித்து, பெற்றோரின் கருத்தைக் கேட்டபின் அது கைவிடப்பட்டது. 2021 ஜனவரி 19-ஆம் தேதி பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும், பிப்ரவரி 8-ஆம் தேதி ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. வகுப்புக்கு 25 பேர், பெற்றோரின் சம்மதக் கடிதம், வருகை கட்டாயமில்லை, சத்து மாத்திரைகள் என்று விதிகள் இருந்தன. மார்ச் 22-ஆம் தேதி முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள் மறுபடியும் மூடப்பட்டன. இரண்டாவது அலை தணிந்தபின் செப்டம்பர் முதல் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும், நவம்பர் முதல் தேதி ஒன்று முதல் எட்டு வரையிலும் திறக்கப்பட்டன. அதாவது, 2020-ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தை, தன் வகுப்பறையின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி வருஷம் கடந்திருந்தது.

இந்த வரிசையின் பக்கத்தில் வேறொரு வரிசையை வைத்துப் பாருங்கள். மதுக்கடைகள் 2020 மே 7-ஆம் தேதி திறந்தன. உயர்நீதிமன்றம் மூடச் சொல்லி, உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைக்க, மே 16-ஆம் தேதி மறுபடி திறந்தன. சினிமாக் கொட்டகைகள் பாதி இருக்கைகளோடு நவம்பர் 10-ஆம் தேதி திறந்தன. 2021 ஜனவரி 4-ஆம் தேதி முழு இருக்கைகளுக்கும் அனுமதி கொடுத்து, மத்திய அரசும் நீதிமன்றமும் தலையிட்டபின் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் பள்ளிக்கூடம் இவை எல்லாவற்றுக்கும் பின்னால், ஓராண்டு கழித்து வந்தது. ஒரு சமூகம் எதை முதலில் திறக்கிறது என்பதில் அது எதை அத்தியாவசியம் என்று கருதுகிறது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. வரியும் வருமானமும் உடனே கணக்கில் ஏறும்; எழுத்தறியாமற்போன குழந்தையின் நஷ்டம் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும்; அதனால் அது வரிசையிற் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

பெற்றோரின் பயத்தைக் குறைவாக மதிப்பிட நான் விரும்பவில்லை. தாத்தாவும் பாட்டியும் அதே கூரையின்கீழ் இருக்கும் வீடுகளில், குழந்தை வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்துவிடுமே என்ற அச்சம் முற்றிலும் நியாயமானது. 2021 மே 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழகத்தில் 36,000-க்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாகி, பிராணவாயுவுக்காக ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸுகள் காத்து நின்ற அந்த நாட்களில் எந்தப் பள்ளியையும் யாரும் திறந்திருக்க முடியாது. ஆனால் அதற்கு முந்திய ஜனவரியில் மாநிலம் முழுவதும் நாளொன்றுக்குச் சில நூறு தொற்றுகளே இருந்தன. அப்போதும் மேல்வகுப்புகளுக்குத்தான் முதல் இடம் கொடுத்தோம். ஏனென்றால் அவர்களுக்குப் பொதுத்தேர்வு இருந்தது. டென்மார்க் தேசத்தார் 2020 ஏப்ரல் 15-ஆம் தேதியே மழலையர் பள்ளிகளையும் ஆரம்ப வகுப்புகளையும் முதலில் திறந்தார்கள். சிறு குழந்தைகள் இந்நோயினால் மிகக் குறைவாகவே வருந்துகிறார்கள், அவர்களால் தனியே படிக்க முடியாது, அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு பெற்றோர் வேலைக்குப் போக முடியாது என்ற மூன்று காரணங்களும் அவர்களுக்குத் தெளிவாயிருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடத்திய இரத்தப் பரிசோதனை ஆய்வில், ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 57 சதவிகிதத்தினருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது தெரிந்தது. பள்ளி மூடியிருந்தபோதே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வந்துவிட்டது என்றால், பள்ளியை மூடியது எதைத் தடுத்தது? அக்கவுன்சிலின் தலைமை இயக்குநராயிருந்த பல்ராம் பார்கவா, ஆரம்பப் பள்ளிகளை முதலில் திறப்பதே விவேகம் என்று அந்த ஜூலையிலேயே பகிரங்கமாகச் சொன்னார். தமிழகம் அதற்குப் பின்னும் மேலிருந்து கீழாகவே திறந்தது.

தொலைக்காட்சியில் பாடம் நடந்தது உண்மை. கல்வித் தொலைக்காட்சி பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுக்கப்பட்டன. ஆனால் ஒரே கைபேசி, அதுவும் தகப்பனார் வேலைக்குக் கொண்டுபோகும் கைபேசி இருக்கிற வீட்டில், தாய் பீடி சுற்ற மகள் இலை வெட்டிக் கொடுக்கும் சூழ்நிலையில், திரையில் வரும் உபாத்தியாயருக்கு எதிரே யார் உட்கார்ந்தார்கள்? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழகத்துக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்ததில், 2021 டிசம்பரில் அவர்கள், தொற்றுக்கு முன் அதே வயதிலிருந்த குழந்தைகளைவிடத் தமிழிலும், அதைவிட அதிகமாகக் கணக்கிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தது தெரிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது என்பதையும், அந்த ஈட்டில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தினால் விளைந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், உள்ளூரிலேயே படித்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் ஏதாவதொரு வீட்டு முற்றத்திலோ கோயில் மண்டபத்திலோ இருபது குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பாடம் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் என் மனம் திரும்பத் திரும்ப நிற்கிறது. இருபது குழந்தைகள், ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள், காற்றோட்டமான இடம், நடந்தே வரும் தூரம், பேருந்துப் பிரயாணம் இல்லை: தொற்றுக்காலத்துப் பள்ளிக்கு இதைவிடச் சிறந்த அமைப்பை எந்த நிபுணரும் வகுத்திருக்க முடியாது. நம் முன்னோர் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினார்கள். காசநோய்க்கு மருந்து காணப்படாத காலத்தில், 1904-இல் ஜெர்மனியின் சார்லொட்டன்பர்க்கிலும், 1908-இல் அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரத்திலும், நோஞ்சான் பிள்ளைகளுக்குத் திறந்தவெளிப் பள்ளிகளை அமைத்துப் பயன் கண்டார்கள். 2020-ஆம் ஆண்டிலேயே காஷ்மீரத்தின் தூத்பத்ரி மலைச்சரிவில் புல்வெளியில் வகுப்பு நடந்தது. வருஷத்தில் பெரும்பகுதி வெளியே அமரக்கூடிய நாட்டில், வேப்பமரம் இல்லாத பள்ளிக்கூடத்தைத் தேட வேண்டியிருக்கும் தென்காசிப் பக்கத்தில், இல்லம் தேடிக் கல்வியைப் போன்ற ஒன்று 2020 ஜூலையிலோ ஆகஸ்டிலோ தொடங்கப்பட்டிருந்தால், முதல் வகுப்புக் குழந்தைக்குப் பள்ளி மூடியிருந்த காலம் முழுவதும் பாழாகியிருக்காது.

நாம் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒமிக்ரான் அலையில் 2022 ஜனவரியில் மூடிய பள்ளிகளைப் பிப்ரவரி முதல் தேதி திறந்தபோது மாநிலத்தில் நாள்தோறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொற்றுகள் பதிவாகிக்கொண்டிருந்தன. ஓராண்டு முன்பு அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத எண்ணிக்கைக்கு அஞ்சி மூடியிருந்தவர்கள், இம்முறை தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் அளவையும், ஆஸ்பத்திரிப் படுக்கைகள் காலியாயிருப்பதையும் சேர்த்துப் பார்த்து, தைரியமாகத் திறந்தார்கள். ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாமல், அதன் விளைவைப் பார்த்து முடிவு செய்தது பெரிய முன்னேற்றம்.

மேற்கே மலைக்கு அப்பால் நடந்த ஒன்றும் கவனிக்கத்தக்கது. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா நோய் தோன்றியது. கொரோனாவைவிடப் பன்மடங்கு உயிர்க்கொல்லி அது. கேரள அரசு நோயாளிகள் இருந்த பஞ்சாயத்துகளை மட்டும் அடைத்து, அந்த ஒரு மாவட்டத்தின் பள்ளிகளை மட்டும் மூடி, தொடர்பில் வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்து, நோய் ஆறு பேரோடு அடங்கிய பின், செப்டம்பர் 25-ஆம் தேதி பள்ளிகளைத் திறந்துவிட்டது. அடைப்புக்கு எல்லையும் இருந்தது, காலமும் இருந்தது.

பாவூர்சத்திரத்திலிருந்து புளியரைச் சோதனைச்சாவடி ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் இருக்கிறது. காய்கறி வண்டிகள் நாள் தவறாமல் போய் வருகின்றன. அடுத்த நோய் எந்தப் பெயரோடு வந்தாலும், அன்றைக்கு ஆளுக்கொரு உத்தரவை எழுதிக்கொண்டிராமல், இப்போதே ஒன்றியந்தோறும் எழுதி வைக்க வேண்டியவை இவை: நோய் எந்த அளவுக்கு வந்தால் எந்த எல்லைக்குள் அடைப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்வது, சந்தை எந்த மைதானத்துக்குப் போவது, பீடிக் கடையில் எந்தத் தெருவுக்கு எந்த நேரம், முதல் இரண்டு வகுப்புகளுக்கு எந்த மரத்தடி, எந்த மண்டபம், யார் ஆசிரியை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஜன்னல் திறக்கிறதா என்று பார்ப்பதற்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை இந்தக் கோடை விடுமுறையிலேயே ஊராட்சி மன்றமும் பள்ளி மேலாண்மைக் குழுவும் செய்து முடிக்கலாம்.